தேவானை கட்டிய பேக்டரி

கிண்டி எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை பேக்டரிகளையும் பெயர்த்தெடுத்து, ஒன்றன் தலையில் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ரேஸ் கோர்ஸையும் கவிழ்த்து வைத்தாலும் தேவானை கட்டிய பேக்டரியின் முழங்காலுக்கு வராது. அதற்குப் புகைபோக்கி கிடையாது. எட்டு மணிச் சங்கு கிடையாது. யூனியன் இல்லை, கேட் மீட்டிங் இல்லை, ஒரு நாள்கூட ஸ்ட்ரைக் நடந்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் நாளைக்கு நானூறு உருப்படி செய்து தள்ளும். வெள்ளைக்காரன் மட்டும் அதைப் பார்த்திருந்தால், இப்பேர்ப்பட்ட ஊரைத் தெரியாமல் விட்டுவிட்டோமே என்று திரும்பவும் கப்பல் ஏறி வந்திருப்பான்.

மொத்தக் கட்டடமும் முப்பத்தொரு வரி. தி. நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டர் என்கிற டப்பாவுக்குள் இருந்தது.

அதைக் கட்டியபோது 1997. தேவானைக்கு வயது இருபத்துமூன்று. வீடு அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் ஹவுசிங்போர்டில், மூன்றாவது மாடி. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். அம்மா பெசன்ட் நகரில் இரண்டு வீட்டுக்குச் சமையல். தங்கை அன்புச்செல்விக்குப் பதினேழு வயது. அவளும் பள்ளிக்கூடமும் ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார்ந்து பேசி, சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டார்கள். தேவானை அப்படியில்லை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, மீதி இரண்டு எங்கே போனது என்று வாத்தியாரிடம் போய்க் கேட்டவள். தரமணி பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, வெங்கடரமணனின் கம்பெனியில் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள்.

வெங்கடரமணன் மயிலாப்பூர்க்காரர். பேங்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஏ.சி.யும் வாங்கிப் போட்டு, ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற கம்பெனி நடத்தினார். ஏ.சி. கம்ப்யூட்டருக்கு, மனிதர்கள் கிட்டத்தில் நின்று காற்று வாங்கிக்கொள்ளலாம். அங்கே நோயாளிகளின் பெயரையும் வயதையும் டைப் அடிக்கத்தான் தேவானையை எடுத்தார். மூன்றாவது வாரம் அவள் எழுந்து வந்து, "சார், வயசுன்னு கேக்குற எடத்துல ஆறு மாசக் கொழந்தை வந்தா இன்னா அடிக்கிறது?" என்று கேட்டாள். புரோகிராம் எழுதியவர்கள் யாரும் குழந்தைகளைப் பற்றி யோசித்திருக்கவில்லை. அடுத்த வருஷம் புரோகிராமை எழுதுகிறவளே அவள்தான்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "இல்லேன்னா?" என்பாள். அப்பா, "எட்டு மணிக்குத் தண்ணி லாரி வந்துரும்" என்றால், "வரலேன்னா?" அம்மா, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்ல மாதிரி" என்றால், "இல்லேன்னா?" இப்படிக் கேட்டுக் கேட்டே இரண்டு சம்பந்தத்தைக் கலைத்தாள். வீட்டில் அவளோடு பேசுவது போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோல இருக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது.

மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்காக அவள் எழுதிய புரோகிராமில்தான் இந்த பேக்டரி இருந்தது. அதற்குப் பெயர் ரிசல்ட் பேக்டரி. அது என்ன செய்யும் என்று ஒரு தீபாவளி சமயத்தில், அம்மா முறுக்குக் குழலோடு போராடிக்கொண்டிருந்தபோது, தங்கைக்கு விளக்கினாள்.

"முள்ளு முறுக்குக்கு ஒரு அச்சு, ஓமப்பொடிக்கு ஒரு அச்சு, ரிப்பன் பக்கோடாக்கு ஒரு அச்சு, கீதுல்ல? அந்த மாதிரி லேப்ல ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ரிசல்ட்டு ஒவ்வொரு தினுசு. ரத்தத்துல சக்கரைன்னா நம்பர் வரும். யூரின்ல சக்கரைன்னா ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ்னு வரும். சிலதுக்கு உண்டு, இல்லன்னு மட்டும்தான். டெஸ்ட்டோட கோடு குடுத்தா போதும், எந்த அச்சுன்னு பேக்டரியே பாத்து, அந்த ரிசல்ட்ட செஞ்சு கையில குடுத்துரும். மீதி புரோகிராம் அத்தப் பத்திக் கவலையே பட வோணாம்."

"அச்சே இல்லாத பலகாரத்தக் கேட்டா?" என்றாள் அன்புச்செல்வி, மாவைத் தின்றுகொண்டே.

"ஒண்ணும் வராது."

"ஒண்ணும் வராதுன்னா இன்னா வரும்?"

தேவானை சிரித்துவிட்டாள். "நில்னு வரும். அந்தக் கம்ப்யூட்டர் பாஷைல நில்னா கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில், "என் பெரிய பொண்ணு பேக்டரி கட்டிக்கினு கீது" என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரத்தில் வீட்டு வாசலில் பயோடேட்டா குவிந்தது. பிட்டர், வெல்டர், பேக்கிங் வேலைக்குப் பக்கத்து பிளாக் அக்கா ஒருத்தி. தேவானை ஒவ்வொருவருக்கும் பேக்டரி என்றால் அந்த பேக்டரி இல்லை என்று விளக்கினாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு, எந்த மாசம் ஆள் எடுப்பீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கீழ்வீட்டு சுப்புராயன் மட்டும் தினமும் கேட்டார். பாண்டி பஜாரில் முப்பது வருஷம் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். வயது அறுபது. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், வலது கண்ணில் ஆள் நடமாட்டம் தெரியும்.

"வாட்ச்மேன் வேல மட்டும் எனுக்குன்னு எட்த்து வச்சிரும்மா. ஒரு கண்ணு தெரிஞ்சா போதும், உன் பேக்டரிக்குள்ள ஒரு ஈயக் கூட உட மாட்டேன்."

"மாமா, அது பெட்டிக்குள்ள கீற பேக்டரி."

"சின்னதா கீதா? அப்ப இன்னும் சுளுவு."

மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு பஸ் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன். யூரினில் சர்க்கரை இல்லை என்று லேப் ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. சர்க்கரையைக் கவனிக்காமல் கண்ணை அறுத்தால் புண் ஆறாது, இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று முகாம் டாக்டர் மைக்கிலேயே சொன்னார். சுப்புராயனுக்கு அதில் ஒரு பயமும் இல்லை. டீயிலேயே அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

அதே வாரம் அன்புச்செல்விக்கும் ரிப்போர்ட் தேவைப்பட்டது. கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் சரிபார்க்கிற வேலை. அம்மா ஆள் பிடித்து வாங்கியது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வந்தால் திங்கட்கிழமையிலிருந்து வரலாம். அன்புச்செல்விக்குக் காலர் மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஏழரைக்குத் திரும்புகிற எதன் மேலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை தேவானை இரண்டு பேரையும் லேபில் கொண்டுபோய் விட்டாள். சுப்புராயனைப் படியில் கைபிடித்து ஏற்றி உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்புச்செல்வி கையில் கொடுத்த குட்டி பாட்டிலை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். தாவணி மடிப்பில் வீட்டிலிருந்தே தயாரித்துக் கொண்டுவந்த ஒரு மருந்து பாட்டில் இருந்தது. குளுகோஸ் பவுடர் நாலு ஸ்பூன், தண்ணீர், நிறத்துக்கு இரண்டு சொட்டு டீ டிகாக்‌ஷன். அதை அப்படியே ஊற்றி, மூடி, பெயர் ஒட்டி, பணிவாகக் கொடுத்துவிட்டு வந்தாள். சர்க்கரை வியாதிக்காரியை எந்த எக்ஸ்போர்ட் கம்பெனி எடுக்கும்?

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிடைத்தது. அன்புச்செல்விதான் போய் இரண்டையும் வாங்கி, மண்டபத்தில் காத்திருந்த சுப்புராயனிடம் அவருடையதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்து தன்னுடையதைப் பிரித்தாள். சர்க்கரை என்கிற வரியில் மூன்றே மூன்று இங்கிலீஷ் எழுத்து. கூட்டிப் படித்தாள்: நில்.

நாலு ஸ்பூன் குளுகோஸ் எங்கே போயிற்று?

அடுத்து அவளுக்கு நினைவு வந்தது மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர். நர்ஸம்மா அவருடைய தாளை வாங்கி, "சுகர் நில், ஓகே" என்று சொல்லித்தான் இடது கண்ணுக்கு மேலே நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டினாள், ஆபரேஷன் செய்ய வேண்டிய கண் அதுதான் என்பதற்கு அடையாளமாக. அன்புச்செல்வி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

தேவானை தலையைப் பின்னுவதைப் பாதியில் நிறுத்தினாள். "சத்தியமா?"

"சத்தியமாக்கா."

"போன மாசம் ரேஷன் கடைல ஓசில டி.வி. தர்றாங்கன்னு சொல்லி மாமாவ க்யூல நிக்க வச்சல்ல. அப்பவும் சத்தியமான்னுதான் சொன்ன."

"அது வேற சத்தியம். இது நெஜம்."

அன்புச்செல்வியின் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் பஸ்ஸிலிருந்து இறக்க முடியாது. முதலில், தவறு பாட்டிலிலா பேக்டரியிலா என்று தெரிய வேண்டும். தேவானை பாதிப் பின்னலோடு தி. நகருக்கு ஓடி, லேபுக்குப் போன் போட்டு விசாரித்தாள்.

லேபில் திங்கட்கிழமை பழைய முறையை விட்டுவிட்டு, குச்சி மாதிரி ஒரு ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்க்கிற புது முறைக்கு மாறியிருந்தார்கள். டெஸ்ட்டுக்குப் புதுப் பெயர், புதுக் கோடு. கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலில் அந்தக் கோடை அவர்களே சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வசதி செய்து கொடுத்தவளே தேவானைதான். ஆனால் பேக்டரிக்குள் அதற்கு அச்சு இல்லை. தேவானை அந்தக் கோடைப் போட்டு, நாலு பிளஸ் அடித்து, பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் துப்பியது. சர்க்கரை: நில்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தெரியாத கோடு வந்தால் பேக்டரி கையை விரித்து, நில் என்று கம்ப்யூட்டர் பாஷையில் சொல்லும். அந்த இடத்தில் புரோகிராம் அப்படியே விழுந்து செத்துப்போவதுதான் வழக்கம். "கஸ்டமர் முன்னாடி விழக் கூடாது" என்று வெங்கடரமணன் சொல்லியிருந்தார். லேப் டாக்டரோ, "ரிப்போர்ட்ல ஒரு வரிகூட காலியா இருக்கப்படாது, பேஷன்ட் சண்டைக்கு வரான்" என்றிருந்தார். இரண்டுமே நியாயம். அதனால் பேக்டரி ஒன்றும் தரவில்லையென்றால் அந்த வரியில் நில் என்றே அச்சடி என்று எழுதினாள். கம்ப்யூட்டரில் நில் என்றால், என்னிடம் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் நில் என்றால், உன்னிடம் சர்க்கரை இல்லை. ஊரில் எல்லோரையும் இல்லேன்னா இல்லேன்னா என்று நச்சரித்தவள், அந்த ஒரு வரியை அடிக்கும்போது மட்டும் கேட்காமல் விட்டிருந்தாள்.

பத்தரைக்கு வெங்கடரமணன் வந்தார். அவள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார்.

"கர்மம். ஆத்துல காபிகூடக் குடிக்காம வந்திருக்கேன், வந்ததும் வராததுமா இதைச் சொல்றியே. சரி, பதறாதே. திருத்தி ஃப்ளாப்பில எடுத்துண்டு போ. புது வெர்ஷன்னு சொல்லி ஏத்திட்டு வந்துடு. பழசைக் கிளற வேண்டாம்."

"பழசு ஜனங்க கையில போய்டுச்சே சார்."

"பாதிப் பேருக்கு நிஜமாவே நில்லாத்தான் இருக்கும். டாக்டருக்குத் தெரிஞ்சா அடுத்த பிராஞ்சுக்கு ஆர்டர் தருவாரா? நாலு பேர் சாப்பிடற கம்பெனிம்மா இது."

"எங்க கீழ்வீட்டு மாமா பன்னெண்டரைக்கு கண் ஆபரேசனுக்குப் போறார் சார். கையில நம்ம ரிப்போர்ட்டு."

வெங்கடரமணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அவருக்குச் சர்க்கரை இல்லாமலும் இருக்கலாமோல்லியோ?"

"இருக்கலாம் சார். இல்லேன்னா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். "ஆட்டோல போ" என்றார். "டாக்டர்ட்ட நான் பேசறேன். என்னத்தைப் பேசறதுன்னுதான் தெரியலை." அவள் படியிறங்கும்போது மேலே டெலிபோன் சுழற்றுகிற சத்தம் கேட்டது.

லேபில் பரிசோதனை செய்கிறவர் மெஹபூப் அலி. இருபத்தைந்து வருஷ அனுபவம். நல்ல காலம், அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: ஸ்ட்ரிப்பின் நிறத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு ரஃப் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் அடிப்பார். அச்சாகி வருகிற தாளை அவர் படிப்பதில்லை. அடுத்த பாட்டிலைப் பார்த்தபடியே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவார்.

"கம்ப்யூட்டர் போட்டா கரெக்டா இருக்கும்னு உட்டேன் பாப்பா," என்றார், முகம் வெளுத்து. "நாலு நாளா சக்கரை வந்தவங்க ஒருத்தர்கூட சண்டைக்கு வரலியே, மைலாப்பூர் ஜனங்க திருந்திட்டாங்களான்னு கூட நெனச்சேன்."

"நோட்டக் காட்டுங்க பாய்."

இருவரும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒரு இடத்தில் மெஹபூப் அலி விரல் நின்றது. "இந்தப் பொண்ணு. பதினேழு வயசு. நாலு பிளஸ்ஸு. சாயங்காலம் பூரா எனக்கு மனசே சரியில்ல. இந்த வயசுல இப்படி..."

"அது குளுகோஸ் தண்ணி பாய்."

"இன்னாது?"

"என் தங்கச்சிதான். வேலைக்குப் போவாம இருக்க."

மெஹபூப் அலி சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி நோட்டு மேல் விழுந்தது. அதை எடுத்து மாட்டும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. "அது கலாட்டா பண்ணலேன்னா இது தெரிஞ்சே இருக்காதே பாப்பா," என்றார். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். சுப்புராயன், வயது 60. மூன்று பிளஸ்.

இப்படிப் பிளஸ் வந்தும் நில் என்று தாள் வாங்கிப் போனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். மெஹபூப் அலி ஒரு தாளில் சுப்புராயனுக்குக் கையாலேயே ரிப்போர்ட் எழுதி, இந்த முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

மண்டபத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது. பஸ் வாசலில் நின்றிருந்தது. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுப்புராயன் ஜன்னலோரம். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"மாமா, எறங்கு."

"யாரு, தேவானையா? இன்னாமா, நீயும் ஆபரேசனுக்கு வர்றியா?"

"உனுக்கு சக்கரை கீது மாமா. மூணு பிளஸ்ஸு."

"பிளஸ்ஸுன்னா நல்லதுதானம்மா? மைனஸ்னாதான கெட்டது."

"மாமா, வெளாடாத. இப்ப கண்ண அறுத்தா புண்ணு ஆறாது."

"ரிப்போர்ட்டுல நில்லுன்னு கீதுமா. நர்ஸம்மாவே படிச்சு சரின்னுட்டாங்க."

"அது தப்பு."

"யாரு தப்பு? பாய் தப்பா பாத்துட்டாரா?"

"பாய் சரியாத்தான் எழுதினாரு."

"பின்ன?"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் தப்பு பண்ணிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் கரண்ட் ஆபீஸில், பேங்கில், ரயில்வே ரிசர்வேஷனில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கேட்டவர்களும் இடி விழுந்ததைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். தேவானை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கட்டுனதுதான் மாமா தப்பு. அந்த பேக்டரி."

சுப்புராயன் தெரிகிற கண்ணை அவள் பக்கம் திருப்பினார். அதில் அவள் முகம் தெரிந்திருக்காது. ஏதோ ஒரு உருவம், அவ்வளவுதான்.

"ரெண்டு வருசமா காத்துக்கினு கீறேன்மா நானு."

"தெரியும் மாமா."

"இவங்க மறுபடி எப்ப வருவாங்களோ."

"தெரியல மாமா. விசாரிக்கிறேன்."

"நீயே சொல்ற. உன் பேக்டரி தப்புன்னு."

"நானே சொல்றேன்."

கண்டக்டர் போல ஒரு வாலண்டியர் பையன் விசில் அடித்தான். "வேற எவனாவது வந்து சொல்லிருந்தா நான் எறங்கிருக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே சுப்புராயன் எழுந்து கையை நீட்டினார். தேவானை படியில் ஏறிப் பிடித்து இறக்கினாள். முகாம் டாக்டர் புதுத் தாளைப் படித்துப் பார்த்தார், சுப்புராயன் நெற்றியிலிருந்த பிளாஸ்திரியைத் தானே மெதுவாக உரித்தார், மாத்திரை எழுதிக் கொடுத்து, சர்க்கரை இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னார். மூன்று மாதம் கழித்து, மாசி மாசத்தில், அதே இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்ததும் அவர் தேவானையைப் பார்த்து, "குரல வச்சு உன்ன நல்லா செகப்பா நெனச்சிருந்தேன்" என்றார்.

மீதி ஏழு பேரைத் தேடி மெஹபூப் அலியே தன் மொபெட்டில் போனார். ஒருத்தர் நொச்சிக்குப்பம், ஒருத்தர் அபிராமபுரம், இப்படி. எல்லோரையும் இரண்டு நாளில் பிடித்துவிட்டார். லேப் டாக்டர் வெங்கடரமணனைப் போனில் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அடுத்த பிராஞ்ச் ஆர்டர் வரவில்லை. வெங்கடரமணன் ஒரு மாதம் தேவானையிடம் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை; ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

தேவானை பேக்டரியை இடித்துக் கட்டினாள். இல்லை என்பது ஒரு பதில். தெரியாது என்பது வேறு ஒரு பதில். இரண்டையும் ஒரே அச்சில் பிழிந்ததுதான் வினை. இப்போது தெரியாத கோடு வந்தால் பேக்டரி வெறுங்கையை விரிக்காது. அதற்கென்று ஒரு தனி உருப்படியைச் செய்து கொடுக்கும். அந்த உருப்படிக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கத்துவது. கத்தி, பிரிண்டரை நிறுத்தி, யாராவது வந்து பார்க்கும்வரை தாளை வெளியே விடாது. அதற்கு அவள் தமிழிலேயே, இங்கிலீஷ் எழுத்தில், தெரியாது என்று பெயர் வைத்தாள்.

"நாளைக்கு வேற யாராவது இந்தப் புரோகிராமைப் பார்த்தா சிரிப்பா," என்றார் வெங்கடரமணன்.

"சிரிக்கட்டும் சார். புரியும்ல?"

அன்புச்செல்வியை அம்மா மறுபடி லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த முறை தாவணியை உதறிப் பார்த்துவிட்டு, பாத்ரூம் வாசலிலேயே காவல் நின்றாள். ரிசல்ட் வந்தது, நிஜமான நில். திங்கட்கிழமை எக்ஸ்போர்ட்டுக்குப் போனாள். செக்கிங் டேபிளில் நாளைக்கு முந்நூறு காலர் அவள் கை வழியாகப் போகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி காயப்போட்டுவிட்டு வந்த அக்காவிடம் நோட்டை நீட்டினாள்.

தேவானை மொட்டைமாடிக் கட்டைச்சுவரில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். பஸ் வருகிற பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு பின்னால் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இன்னாடி இது? யூரின் ரிப்போர்ட்டுக்கு மூணு நாளா?"

அன்புச்செல்வி காக்காயைப் பார்த்தாள். "கூட்டம் அன்னிக்கு."

"காலைல குடுத்தா சாயங்காலம் ரிப்போர்ட்டு. செவ்வாக்கிழமையே ரெண்டையும் வாங்கிக்கினு வந்துட்ட. மாமா மூணு நாளா அத்த ஜோபில வச்சிக்கினு ஹவுசிங்போர்டு பூரா காட்டிக்கினு திரிஞ்சாரு. நீ என்கிட்ட சொன்னது வெள்ளிக்கிழமை காலைல."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. ரிப்போர்ட்டுலயே தேதி கீது. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லையாம்." தேவானை அந்த வரியைக் குரல் மாற்றிப் படித்துக் காட்டினாள். "மூணு நாள் எதுக்குடி சொல்லல?"

"உன் பேக்டரி தப்பு பண்ணாதுன்னு நம்பினேன்க்கா. என் குளுகோஸ்தான் டூப்ளிகேட்டுன்னு நெனச்சேன்."

"பொய்."

அன்புச்செல்வி கயிற்றில் தொங்கிய துணியின் நுனியைப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

"பாதிதான்," என்றாள்.

தேவானை நோட்டை மூடாமல் அப்படியே அவள் மடியில் வைத்தாள். "மீதிப் பாதிய எழுது."